ஒப்புரவும் ஊர்க் கழகங்களும்



நம் சங்கத்தாருள் அண்மைக் காலமாக ஒரு வழக்கு நிகழ்ந்து வருகின்றது. இராஜபாளையத்தினும் ஸ்ரீவில்லிபுத்தூரினும் வாழும் நம் இளைஞர் சிலர் ரோட்டரிக் கழகம், அரிமா சங்கம் முதலிய ஊழியக் கழகங்களில் அங்கத்தினராய்ச் சேர்ந்து, தம் பொழுதையும் பொருளையும் அவ்விடத்தே செலவிடுகின்றனர். இதனைக் கண்ட முதியோர், "நமக்கென ஒரு சங்கம் இருக்கின்றது, நம் பிள்ளைகளின் படிப்புக்கே நிதி போதாமல் இருக்கின்றது, இந்நிலையில் ஊராருக்குக் கண் முகாம் நடத்தப் போவது எற்றுக்கு?" என்று வினவுகின்றனர். இளைஞரோ, "குலத்துக்கு ஒரு சங்கம் என்பது பழங்காலத்து ஏற்பாடு, இனி அதனாற் பயனில்லை" என்று விடையிறுக்கின்றனர். இவ்விரு கூற்றும் பாதி உண்மையே உடையன என்பது எம் கருத்து. சினத்தால் தீர்க்க இயலாத இவ்வழக்கைச் சரித்திரத்தின் துணைகொண்டு தீர்க்க முயல்வோம்.

முதலாவது, ஊர்நலம் கருதிப் பலர் ஒருங்குகூடும் வழக்கம் மேனாட்டாரிடமிருந்து நமக்கு வந்ததென்று எண்ணுதல் பொருந்தாது. திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். ஈகைக்கு வேறோர் அதிகாரம் இருக்க, ஒப்புரவுக்கெனத் தனியே ஒன்று வைத்ததன் காரணத்தைக் கற்றோர் அறிவர். ஈகை இல்லாதவனுக்கு உள்ளவன் கொடுப்பது. ஒப்புரவு ஊரோடு ஒத்து வாழ்வான் ஒருவன் தன் கடமையெனக் கருதிச் செய்வது. ஊருணியில் நீர் நிறைந்தால் அதனை முகப்பவனை யார் மகன் என்று ஊருணி கேட்பதில்லை. சத்திரமும், சாவடியும், கோடைத் தண்ணீர்ப்பந்தலும், சுமைதாங்கிக் கல்லும் இவ்வொப்புரவினின்றும் பிறந்தனவேயாம். தென்பாண்டி நாட்டு வணிகர் தம் வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என மகமை எடுத்து வைத்துப் பொதுக் காரியங்களை நடத்திய முறையும் இதன்பாற்பட்டது. விருதுநகரில் 1889-ஆம் ஆண்டில் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை, மகமைப் பணத்தாலும் வீட்டுக்கு வீடு பெண்டிர் எடுத்து வைத்த பிடி அரிசியாலும் வளர்ந்ததென்பதை நம் ஜில்லாவில் அறியாதார் இலர். பின்னாளில் இந்நாட்டு முதன்மந்திரியாகிப் பள்ளிகள் பலவற்றைத் திறப்பித்த காமராஜர் அப்பள்ளியில் படித்தவரே. ஒரு குலத்தார் தமக்கென எடுத்த பிடி அரிசி ஈற்றில் நாட்டுக்கே உணவாயிற்று என்பது எண்ணத்தக்கது.

இனி, கூடிச் செய்யும் காரியத்துக்கு ஒழுங்குமுறை வேண்டும் என்பதையும் நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். உத்தரமேரூர்க் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய சாசனங்கள் இரண்டு உள்ளன. அவ்வூர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய வாரியங்களில் அமர்ந்தோர் 360 நாள் ஊழியஞ்செய்து விலகவேண்டும். முந்திய மூன்றாண்டுகளுள் வாரியஞ் செய்தவர் பெயரை ஓலையில் எழுதலாகாது. கணக்குக் காட்டாதார் மட்டுமன்றி அவர்தம் நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தனர். ஆயிரத்து நூறாண்டுகட்கு முன் எழுந்த இவ்விதிகளை இன்றைச் சங்கங்கள் தம் சட்ட புத்தகத்தில் முதற்பக்கத்தே பொறித்து வைத்தாலும் தகும். ஆயினும் உள்ளதை உள்ளவாறே சொல்லுதல் சரித்திரம் எழுதுவார் கடன். அவ்வாரியங்களுட் புக நிலமும் வீடும் வயதும் வேதக் கல்வியும் வேண்டியிருந்தன. ஏரி நீர் பலர் வயலுக்கும் பாய்ந்தது; ஏரியைப் பற்றிப் பேசும் உரிமையோ சிலருக்கே இருந்தது. இக்குறை பிற்காலத்துக் கழகங்களிலும் வேறு வேறு வடிவில் தொடர்ந்து வருவதை மேலே காண்போம்.

நிற்க. நம் வட்டாரத்துக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றவுடன் பெரியாழ்வாரும் ஆண்டாளும், விண்ணளாவிய பதினொரு நிலைக் கோபுரமும், ஆடிப்பூரத் தேரும், பால்கோவாவும் யாவர்க்கும் நினைவில் எழும். அவ்வூரிலே 1875-ஆம் ஆண்டில் ஒரு பொது நூல்நிலையம் எழுந்த செய்தியை அறிந்தவர் சிலரே. அக்காலத்தே ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1910-இல் இராமநாதபுரம் ஜில்லா அமைந்தபோது அதனுட் சேர்ந்து, 1985-இல் இன்றைய விருதுநகர் ஜில்லாவின் பகுதியாயிற்று. திருநெல்வேலிக் கலெக்டராயிருந்த பென்னிங்டன் துரையின் பெயரால் அந்நூல்நிலையம் வழங்குகின்றது. சிகாகோ நகரில் ரோட்டரிக் கழகம் தோன்றியது 1905-ஆம் ஆண்டில். அதற்கு முப்பது ஆண்டுகட்கு முன்னரே நம் பக்கத்தூரார் ஒன்றுகூடி, படிக்க விரும்புவான் எவனுக்கும் புத்தகம் கிடைக்க வழி செய்தனர். கல்வியறிவு ஒருசிலர்க்கே உரியதாயிருந்த அக்காலத்தில், வாசிக்கத் தெரிந்தவன் யாராயினும் வந்து அமரலாம் என்று ஒரு மண்டபத்தின் கதவைத் திறந்து வைத்தது சிறு செயலன்று. தம் புத்தகத்தைப் பெட்டியிற் பூட்டி வைப்பவன் அறிவுக்குக் காவற்காரன். பொது அலமாரியில் வைப்பவன் அறிவுக்கு உழவன்.

அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கி.மீ. தொலைவில் உள்ள இராஜபாளையத்தின் கதை வேறு வகையானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலே, பருத்தியும் நெசவும் மாமரத் தோப்புகளும் சிறந்து விளங்கும் இவ்வூரில், ஸ்ரீ பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் 1936-ஆம் ஆண்டில் இராஜபாளையம் மில்லை நிறுவினார். பெருநகரத்து முதலாளிகளை நாடிச் செல்லாமல் உள்ளூரார் சேர்ந்து ஓர் ஆலையை எழுப்பியது, நம்பிக்கை என்னும் முதலை ஊருக்குள் உண்டாக்கிக் காட்டிய செயலாகும். அண்டை ஊரான சத்திரப்பட்டியில் நெய்யப்படும் காயக்கட்டுத் துணி நாட்டின் பல பாகங்களிலுமுள்ள வைத்தியசாலைகளுக்குச் செல்கின்றது. தறியில் இருப்பவன் தான் நெய்யும் துணி யார் புண்ணைக் கட்டும் என்று அறியான்; அறியாமலே அவன் ஊழியம் நடைபெறுகின்றது.

இவ்வூரின் மற்றொரு புதல்வர் ஸ்ரீ பூ. ச. குமாரசாமி ராஜா அவர்கள். 1898-இல் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, காந்தியடிகளின் நெறியிற் புகுந்து, 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை சென்னை இராஜதானியின் பிரதம மந்திரியாகவும், பின்னர் அதன் முதன்மந்திரியாகவும் இருந்தார், பின்னர் ஒரிஸ்ஸாவின் கவர்னரானார், 1957-இல் மறைந்தார். பதவியிருந்த செய்தியைக் காட்டிலும் எம் உள்ளத்தைத் தொடுவது வேறொன்று. தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கென ஊருக்கு அளித்துவிட்டார். பெற்றோர் வைத்துச் சென்ற வீடு மக்களுக்கு எஞ்சும். அவர் வீடோ ஊருக்கு எஞ்சிற்று. தம் வீட்டுத் திண்ணையையே பிறருக்கு ஒழித்துக்கொடுக்கத் தயங்கும் நாம் இதனை அடிக்கடி நினைத்தல் வேண்டும்.

இங்ஙனம் நூல்நிலையம், ஆலை, மன்றம் என மூவகைக் கூட்டுச் செயல்களைக் கண்ட இந்நிலத்திற்றான் ரோட்டரி முதலிய கழகங்கள் வந்து வேரூன்றின. ஆதலின் அவற்றின் வரலாற்றையும் சிறிது நோக்குவோம்.

அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வக்கீல் ஒருவர் இருந்தார். சிற்றூரில் வளர்ந்த அவர், பெருநகரில் தொழில் தேடி வந்தபின், கூட்டத்தின் நடுவே தனிமையுற்றார். கொடுக்கல் வாங்கல் இருந்தது, கூடிக்குலவ ஒருவருமில்லை. 1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் மாலை, நிலக்கரி வியாபாரி ஒருவர், சுரங்க எஞ்சினீயர் ஒருவர், தையற்றொழிலார் ஒருவர் ஆகிய மூவரோடு அவர் ஓர் அலுவலறையிற் கூடினார். அடுத்த கூட்டம் வேறொருவர் அலுவலிடத்தில், அதற்கடுத்தது மற்றொருவரிடத்தில் எனச் சுழன்று சுழன்று கூடியமையால் ரோட்டரி என்னும் பெயர் உண்டாயிற்று. தமிழர் இதனைச் சுழற்கழகம் என்று அழகாக மொழிபெயர்த்தனர். தொடக்கத்தில் அவர்கள் நாடியது நட்பும் ஒருவர்க்கொருவர் தொழில் உதவியுமே. இரண்டாண்டு கழித்து 1907-இல், நகரின் நடுவே பொது மலசலக்கூடங்கள் அமைக்கும் முயற்சியில் இறங்கியபோதுதான் நட்பு ஊழியமாக மாறிற்று. இப்பெருங்கழகத்தின் முதல் திருப்பணி மலசலக்கூடம் என்பதைக் கேட்டு நகைக்க வேண்டா. பஸ் நிலையங்களில் நம் பெண்டிர் படும் பாட்டை அறிந்தவர் அதன் அருமையை உணர்வர்.

பின்னர் 1917-இல் அதே சிகாகோ நகரில் இன்ஷியூரன்ஸ் தொழிலரான மெல்வின் ஜோன்ஸ் என்பவர் முயற்சியால் அரிமா சங்கம் தோன்றிற்று. 1925-ஆம் ஆண்டில் அச்சங்கத்தாரின் மகாநாட்டில், கண்ணும் காதும் இழந்தும் கல்வியிற் சிறந்த ஹெலன் கெல்லர் அம்மையார் எழுந்து, பார்வையற்றோருக்குத் துணை நிற்குமாறு வேண்டினார். அன்றுதொட்டு இன்றுகாறும் கண்பார்வைத் தொண்டு அச்சங்கத்தின் தலையாய பணியாயிற்று. இந்தியாவில் ரோட்டரிக் கழகம் 1919-இல் கல்கத்தாவில் தொடங்கிற்று. சென்னையில் 1929-இல் அமைந்தது. அரிமா சங்கம் 1956-இல் பம்பாயில் கால்கொண்டது. நாளடைவில் சிற்றூர்களிலும் இவை பரவின.

ரோட்டரிக் கழகத்தின் பழைய விதிகளுள் ஒன்று நம் ஆராய்ச்சிக்கு மிகவும் இன்றியமையாதது. ஒரு கழகத்தில் ஒரு தொழிலுக்கு ஒருவரே அங்கத்தினராகலாம் என்பதே அது. வக்கீல் ஒருவர், வைத்தியர் ஒருவர், பஞ்சு வியாபாரி ஒருவர், ஆசிரியர் ஒருவர் என்று அமைத்தனர். பிற்காலத்தில் இவ்விதி தளர்ந்ததாயினும் அதன் கருத்து நின்றது. நம் சங்கத்தின் அமைப்போ இதற்கு நேர்மாறு. நாம் ஒரு குலத்தார் பலராய்க் கூடுகின்றோம். அவர்கள் பல தொழிலார் ஒவ்வொருவராய்க் கூடுகின்றனர். நம் கூட்டத்தில் ஒருவர்க்கொருவர் பாட்டன் பெயர் தெரியும்; அவர் கூட்டத்தில் ஒருவர்க்குத் தெரியாத தொழில் மற்றவர்க்குத் தெரியும். நமக்கு வேர் ஆழம். அவர்க்குக் கிளை அகலம். வேரும் கிளையும் ஒன்றையொன்று பகைத்தால் மரம் என்னாகும்?

குறையையும் கூறுவோம். தொழிலுக்கு ஒருவர் என்ற விதி பல தொழிலாரை ஒன்றுகூட்டியது மெய்யே. எனினும் அத்தொழில் என்பது பெரும்பாலும் முதலாளிகள், உத்தியோகஸ்தர், படித்த தொழிலார் ஆகியோரின் தொழிலாகவே இருந்தது. மூட்டை தூக்குவானுக்கும் தெருக் கூட்டுவாளுக்கும் அங்கே நாற்காலி இடப்படவில்லை. மேலும் பெண்பாலார் எண்பது ஆண்டுகட்கு மேலாக அங்கத்தினராக இயலாதிருந்தனர். கலிபோர்னியாவைச் சேர்ந்த துவார்ட்டே என்னும் ஊர்க் கழகம் 1978-இல் பெண்டிர் மூவரைச் சேர்த்துக்கொண்டமைக்காகத் தலைமைக் கழகத்தால் விலக்கப்பட்டது. வழக்கு நியாயஸ்தலம் ஏறி, 1987 மே மாதத்தில் அமெரிக்க நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சிறு கழகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. 1989-இல் விதி மாறி உலகெங்கும் பெண்டிர்க்குக் கதவு திறந்தது. 2022-ஆம் ஆண்டில் அக்கழகத்தின் உலகத் தலைவராக ஒரு பெண்மணி அமர்ந்தார். நம் சங்கத்து நிர்வாகக் குழுவில் மகளிர் எத்துணைப்பேர் என்று இவ்விடத்தில் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம். பிடி அரிசி எடுத்து வைத்த கை யாருடையது என்பதை மறத்தல் நன்றியன்று.

இனி, இக்கழகங்கள் ஆற்றிய ஊழியங்களுள் இரண்டை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். ஒன்று இளம்பிள்ளைவாதத்தை ஒழித்த கதை. மற்றொன்று கண்ணொளி அளிக்கும் கதை.

இளம்பிள்ளைவாதம் என்னும் போலியோ, ஓடி விளையாடும் குழந்தையின் காலை ஓரிரவில் முடக்கிவிடும் கொடுநோய். 1979-இல் பிலிப்பைன் தீவுகளில் குழந்தைகட்குச் சொட்டு மருந்து அளிக்கத் தொடங்கிய ரோட்டரியார், 1985-இல் உலகனைத்தினும் அந்நோயை ஒழிப்பதெனச் சங்கற்பம் செய்தனர். 1988-இல் உலக சுகாதார ஸ்தாபனம் முதலியவை அவர்களோடு சேர்ந்தன. அவ்வாண்டில் 125 தேசங்களில், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,50,000 பேர் அந்நோயால் பீடிக்கப்பட்டு வந்தனர். நம் நாட்டில் 1995 முதல் குறித்த ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடம், பஸ் நிலையம், ரயிலடி எங்கும் மேசையிட்டுக் குழந்தைகளின் வாயில் இரு சொட்டு விட்டு, விரலில் மையிட்டு அனுப்பிய காட்சியை நம்மில் மறந்தவர் யார்? தேசமுழுதும் ஒரு சுற்றில் ஏறத்தாழ 17 கோடிக் குழந்தைகட்கு மருந்து அளிக்கப்பட்டது. அரசாங்க ஊழியரும், அங்கன்வாடி மகளிரும், பள்ளியாசிரியராகிய எம்போன்றாரும், கழகத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்த நாட்கள் அவை.

வடநாட்டிற் சிற்சில இடங்களில் மக்கள் அம்மருந்தை ஐயுற்று மறுத்தனர். அப்போது ரோட்டரியார் இஸ்லாமிய மார்க்க அறிஞரை அணுகி, அவரைத் துணைக்கொண்டு வீடு வீடாய்ச் சென்றனர். அயலான் நீட்டியபோது ஐயத்துக்கு இடமான சொட்டு, தம் பெரியவர் சொன்னபோது அமுதமாயிற்று. பணமும் மருந்தும் உலகினின்று வந்தன. நம்பிக்கையோ அவ்வச் சமூகத்தின் உள்ளிருந்தே வந்தது. இதனை நேயர்கள் மனத்தில் இருத்துக. பின்னர் இதனையே எடுத்துப் பேசவிருக்கின்றோம். 2009-இல் நம் தேசத்தில் 741 பேர்க்கு அந்நோய் கண்டது. 2011 ஜனவரி 13-இல் மேற்கு வங்காளத்தில் ஒரு பெண் குழந்தைக்குக் கண்டதே கடைசி. 2014 மார்ச் 27-இல் இந்தியா அந்நோயினின்று விடுபட்டதென உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. இன்று எம் வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுவருள் அந்நோயால் கால் சூம்பியவர் ஒருவரும் இலர். அவர்கட்கு அந்நோயின் பெயர்தானும் புதிது. ஒரு பெயர் பிள்ளைகளின் நாவினின்று மறைவதே சில வேளைகளில் மிகப் பெரிய சரித்திரமாகும்.

இரண்டாவது கதை நம் நாட்டு மனிதர் ஒருவரைப் பற்றியது. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918-இல் உழவர் குடியிற் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. வைத்தியராகி இராணுவத்திற் சேர்ந்த இளமையிலேயே மூட்டுவாத நோய் கண்டு அவர் விரல்கள் கோணிப் போயின. அவ்விரல்களைக் கொண்டே கண்ணறுவை செய்யப் பழகினார். ஆயுளில் ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட அறுவைகள் செய்தார் என்பர். அரசாங்க உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றபின், 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். பணம் கொடுக்கவல்லாரிடம் பெற்று, இயலாதார்க்கு இலவசமாகச் செய்வது அதன் முறை. 2006-இல் அவர் காலமானார். அவர் தொடங்கிய ஸ்தாபனமோ உலகோர் வந்து கற்கும் கலாசாலையாக நிற்கின்றது.

கண்புரையால் பார்வை இழந்த ஏழை, மதுரைக்குப் பஸ் ஏறிச் செல்ல இயலாது. அவனிடம் வைத்தியசாலை வரவேண்டும். கண் முகாம் என்பது இதன்பொருட்டே ஏற்பட்டது. இம்முகாம்களில் வைத்தியர் செய்வது பாதி. மீதியை ஊரிலுள்ள ரோட்டரி, அரிமா முதலிய கழகங்களும், கோயிலாரும், ஆலையாரும் பிறரும் செய்கின்றனர். துண்டுப்பிரசுரம் அச்சிடுவதும், ஒலிபெருக்கி வைத்து ஊர் ஊராய் அறிவிப்பதும், பள்ளிக்கூடத்தைக் கேட்டுப் பெறுவதும், பெஞ்சு போடுவதும், வரிசையில் நிற்போர்க்கு மோரும் சோறும் அளிப்பதும் அவர்கள் பணி. அறுவை வேண்டுவாரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்று, புரை நீக்கிக் கண்ணில் வில்லை வைத்து, மீண்டும் ஊரில் கொணர்ந்து விடுகின்றனர். கணக்கெழுதுபவர் பெயர்ப்பட்டியல் எழுதுகின்றார். லாரிக்காரர் வண்டி கொடுக்கின்றார். ஹோட்டல்காரர் இட்லி கொடுக்கின்றார். ஆசிரியர் மாணாக்கரை அழைத்து வருகின்றார். பல தொழிலார் கூடுவதன் பயன் இங்கே கண்கூடு. இதுவே அக்கழகங்களின் உண்மையான தோழமை. விருந்தும் மாலையும் புகைப்படமும் அத்தோழமையின் நிழலேயாம். நிழலையே பொருளென்று கொண்டு, நாட்டிய மரக்கன்றைவிட நாட்டிய பெயர்ப்பலகை பெரிதாயிருக்கும் கழகங்களும் உள. அவற்றை நோக்கி நம் முதியோர் நகைப்பது தகும்; நகைத்துவிட்டு நாம் வாளாவிருப்பதுதான் தகாது.

இங்கேதான் நம் வழக்கின் முடிச்சு அவிழ்கின்றது. முகாம் நடந்தால் போதுமா? தேவையுடையார் அனைவரும் வருகின்றனரா? தென்னிந்தியக் கிராமங்களில் கண் முகாம்களைப் பற்றி நிகழ்ந்த ஆய்வொன்று 1999-இல் வெளியாயிற்று. பக்கத்திலேயே முகாம் நடந்தும், கண்ணோய் உடையவருள் நூற்றுக்கு ஏழு பேர் அளவிலேயே வந்தனர் என அது கண்டது. ஏனையோர் வாராமைக்குக் கூறிய காரணங்கள் நம் வீடுகளிலே நாள்தோறும் கேட்பவையே: அச்சம், வீட்டு வேலை, கைச்செலவு, உடன் வருவார் இன்மை, வயதானால் கண் மங்கத்தானே செய்யும் என்னும் மனச்சோர்வு. திண்ணை மூலையில் அமர்ந்து, ஒலியைக் கொண்டே வருவோரை அறியும் பாட்டியின் காதில் ஒலிபெருக்கி வண்டியின் அறிவிப்பு விழுகின்றது. ஆயினும் அவளைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஒருவருமில்லை.

அப்பாட்டி இருக்கும் வீட்டைக் கழகத்தார் அறியார்; நாம் அறிவோம். எந்த வீட்டில் கிழவர் தனித்திருக்கின்றார், எந்த வீட்டில் மகன் திருப்பூருக்குப் போய்விட்டான், எந்த வீட்டில் மருமகள் தறியை விட்டு எழுந்தால் அன்றைக் கூலி போகும் என்பதெல்லாம் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் வீடு வீடாய்ச் செல்லும் நம் சங்கத்தாருக்குத் தெரியும். வடநாட்டிலே சொட்டு மருந்துக்கு நம்பிக்கை உள்ளிருந்து வந்ததுபோல, கண் முகாமுக்கு அழைக்கும் கையும் உள்ளிருந்தே வரவேண்டும். குலச்சங்கம் பழங்கதை என்னும் இளைஞர்க்கு இது விடை. ஆஸ்பத்திரியும் வண்டியும் வைத்தியரும் அக்கழகத்தின் தொடர்பால் வருவன. கழகத்திற் சேர்வது எற்றுக்கு என்னும் முதியோர்க்கு இது விடை.

ஆதலின் யாம் சங்கத்தார் திருமுன் வைக்கும் வேண்டுகோள் மூன்று. முதலாவது, நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தாம் வாழும் தெருவில் கண் மங்கியோர் பெயரை எழுதித் தருக. அப்பட்டியலில் நம்மவர் பெயர் மட்டும் இருத்தல் ஆகாது. தெரு முழுதும் இருத்தல் வேண்டும். புரை குலம் பார்த்துக் கண்ணில் விழுவதில்லை. பட்டியல் மாத்திரம் குலம் பார்க்கலாமோ? இரண்டாவது, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, உடன் சென்று திரும்பி வருவதற்கு ஒருவர் பெயரை எழுதுக. தறிக்கூலி இழப்பவர்க்கு அக்கூலியை நம் நிதியினின்று ஈடுசெய்க. கல்வி உதவிக்கு வைத்த பணத்தை இதற்கெடுக்க வேண்டுவதில்லை. பழைய மகமை முறையில், நடைபெறும் ஒவ்வொரு சுபகாரியத்திலும் ஒரு சிறுதொகை தனியே எடுத்து வைத்தால் போதும். மூன்றாவது, அச்செலவின் கணக்கை ஆண்டுதோறும் இச்சஞ்சிகையில் வெளியிட்டு, பொறுப்பாளரை ஆண்டுதோறும் மாற்றுக. உத்தரமேரூரார் கல்லில் எழுதியதை நாம் காகிதத்திலாவது எழுதக் கடவோம்.

"இவ்வாறு செய்தால் நம் பணத்தின் பயன் பிறர்க்கும் போகுமே" என்பார் சிலர் இருப்பர். போகும்; போகவேண்டும். பென்னிங்டன் நூல்நிலையத்தில் நம் பிள்ளைகள் படித்தபோது அவ்வலமாரியை வைத்தவர் யார் குலத்தார் என்று நாம் கேட்டதில்லை. நம் குழந்தைகள் இரு சொட்டு மருந்து வாங்கியபோது அதற்குப் பணம் அனுப்பியவர் எத்தேசத்தார் என்று நாம் வினவவில்லை. வாங்கும்போது கேளாத கேள்வியைக் கொடுக்கும்போது கேட்டல் நடுவுநிலைமை ஆகாது. மேலும், தன் குலத்துக்கு மட்டும் செய்பவனை அக்குலம் போற்றும். ஊருக்குச் செய்பவனால் அவன் குலத்தையே ஊர் போற்றும். நம் முன்னோர் ஈட்டிவைத்த நற்பெயர் இவ்வழியாகவே வந்ததென்பதைப் பழைய சத்திரங்களின் கல்வெட்டுகள் இன்றும் சொல்லிக்கொண்டு நிற்கின்றன.

ஆடிப்பூரத்தன்று ஆண்டாளின் பெருந்தேர் அசையும் காட்சியை நேயர்கள் கண்டிருப்பீர்கள். வடம் நீண்டு கிடக்கின்றது. பல ஊராரும் பல குலத்தாரும் அதனைப் பற்றுகின்றனர். ஒவ்வொரு கூட்டத்தாரும் தத்தம் இடத்தில் நின்றுதான் பற்றுகின்றனர். ஒருவர் இடத்தை ஒருவர் விட்டுக்கொடுத்துப் போய்விட வேண்டுவதில்லை. ஆயின் எல்லாரும் ஒரே திசையில் இழுத்தாலன்றித் தேர் நிலைக்கு வாராது. ஊர் கூடித் தேர் இழுத்தல் என்னும் முதுமொழி சொல்வதும் இதுவே. நம் சங்கம் தன் இடத்தில் நிற்க; நம் இளைஞர் அக்கழகங்களின் இடத்தில் நிற்க; வடம் ஒன்றாக இருக்கட்டும். வருகின்ற மாதக் கூட்டத்தில் இப்பொருளைப் பற்றிச் சங்கத்தார் ஆய்ந்து முடிவு செய்வார்களாக. முடிவு செய்யுமுன், ஒவ்வொருவரும் தம் தெருவில் ஒருமுறை நடந்து, திண்ணை மூலைகளைச் சற்றே நோக்கி வருவார்களாக.

வாழிய நலம்.